ரஷ்யக் கண்ணாடி, ஜப்பான் பெட்டி: ஒரு டேலி கிளார்க்கின் கணக்கு

பழைய ரஷ்ய லென்ஸைத் திருகி மாட்டி, புது கேமராவை ஆன் செய்ததும் திரையில் எஃப் 00 என்று வந்தது. அதாவது, தன் முகத்தில் லென்ஸே இல்லை என்கிறது கேமரா. கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உலோகமும் கண்ணாடியும் அங்கே உட்கார்ந்திருக்கிறது, அது இல்லை என்று சாதிக்கிறது.

மகள் பயந்துவிட்டாள். "அப்பா, புது கேமராப்பா. ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட போய் நிக்கிறது?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. பட்டனை அழுத்தினேன், 'டக்' என்றது, படம் விழுந்தது. எதிரே நின்ற அவள் மூக்கு தெளிவாக இருந்தது, கண் மங்கலாக இருந்தது. இந்த விமர்சனம் முழுக்க அந்த மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான்.

சாமான்கள் மூன்று. கேமரா, மகள் வாங்கித் தந்த கேனான் 1500டி. 24.1 மெகாபிக்சல், கூடவே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். பழைய லென்ஸ், ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2 (எஃப் எண் சின்னதாக ஆக, லென்ஸ் அதிகம் திறந்து வெளிச்சம் அதிகம் வரும்). நடுவில் இரண்டையும் சேர்த்து வைக்கிற எம்42 வளையம், அதாவது அடாப்டர். எம்42 என்றால் 42 மி.மீ. திருகு மரை.

நான் ஹார்பரில் 36 வருடம் டேலி கிளார்க். ஒரு ஃபிலிம் ரோலில் எத்தனை படமோ அத்தனை வருடம். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை, பண்டல், பெட்டி எல்லாவற்றையும் எண்ணிக் கோடு போடுகிற வேலை. நாலு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். ரிட்டயர் ஆனபிறகும் கை சும்மா இருக்கவில்லை. எடுத்த படத்தில் எத்தனை தெளிவு, எத்தனை மங்கல் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கீழே வருகிற எண்ணிக்கை எல்லாம் அந்த நோட்டிலிருந்து. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரத்துக்குள் எடுத்தவை.

இந்த லென்ஸ் ஜெனிட்-ஈ கேமராவோடு வந்தது. 1987இல் ஒரு ரஷ்யக் கப்பல் மாலுமியிடமிருந்து எங்கள் ஷெட் மேஸ்திரிக்கும், அவரிடமிருந்து எனக்கும் கைமாறியது. கஸ்டம்ஸ் விவரமெல்லாம் மேஸ்திரியோடு போய்விட்டது, கேட்காதீர்கள். நானூறு ரூபாய், இரண்டு தவணை. ஜெனிட்-ஈ பேட்டரி இல்லாத கேமரா. மேலே இருக்கிற செலினியம் தகடு வெயிலை வாங்கி, வெளிச்சம் காட்டுகிற முள்ளை ஆட்டும். ஷட்டர் 1/30 நொடியிலிருந்து 1/500 நொடி வரை. அது இப்போது பீரோவில் செத்துக் கிடக்கிறது, ஷட்டர் திரை கிழிந்துவிட்டது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லென்ஸ் நெற்றியில் ஒரு பட்டகமும் அதை ஊடுருவிப் போகிற அம்பும் பொறித்திருக்கும். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையின் முத்திரை அது. வரிசை எண் 81இல் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு எண் செய்த வருடத்தைச் சொல்லும். ஆக, என்னோடது 1981 சரக்கு. உள்ளே கண்ணாடி ஆறு, அடுக்கு நாலு. ஜெர்மனியின் யேனாவில் செய்த பயோடார் லென்ஸைப் பார்த்துப் போட்ட வடிவம். அந்தக் காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ரஷ்யாக்காரன் சரக்கு கனமாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும்.

முதலில் எது எதோடு சேரும் என்கிற விஷயம். நிறையப் பேர் காசை விடுகிற இடம் இதுதான்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் லென்ஸ் உட்காருகிற இடத்திலிருந்து ஃபிலிமோ சென்சாரோ இருக்கிற இடம் வரைக்கும் ஒரு தூரம் உண்டு. என் கேனானின் இ.எஃப். வாய்க்கு, அதாவது லென்ஸ் மாட்டுகிற முகப்புக்கு, அது 44 மி.மீ. எம்42 திருகு லென்ஸுக்கு 45.46. வித்தியாசம் ஒன்றரை மி.மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அந்த இடத்தில் ஒரு மெல்லிய வளையம் போட்டால் கணக்கு சரியாகிவிடும். லென்ஸ் தான் பிறந்த தூரத்திலேயே உட்காரும், தொலைவில் இருக்கிற லைட் ஹவுஸும் தெளிவாக வரும்.

நிக்கானின் எஸ்எல்ஆர் வகைக்கு அந்தத் தூரம் 46.5. எம்42 லென்ஸை அதில் வைத்தால் ஏற்கெனவே ஒரு மி.மீ. அதிகமாக வெளியே தள்ளி நிற்கும். என் தங்கை மகன் நிக்கான் வைத்திருக்கிறான். "மாமா, எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்று வந்தான். மாட்டிக் கொடுத்தேன். மூன்று மீட்டருக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெளிவாக வரவில்லை. ஒரு மி.மீட்டருக்கு இவ்வளவு வித்தியாசமா என்று அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பேப்பரில் போட்டுக் காட்டினேன். குவியத் தூரத்தைத் தன்னாலேயே பெருக்கி, தள்ளின தூரத்தால் வகுத்தால் எல்லை வந்துவிடும். 58 தரம் 58, 3364. அதை 1.04ஆல் வகுத்தால் மூன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டரும் விற்கிறார்கள். தூரம் சரியாகும், படம் சோப்புத் தண்ணீர் வழியாகப் பார்த்தது போல ஆகும். வேண்டாம்.

அதே நேரம், பழைய நிக்கான் லென்ஸை என் கேனானில் வைக்கலாம். பென்டாக்ஸ், யாஷிகா எஃப்எக்ஸ்-3 கேமராவோடு வந்த லென்ஸ், ஒலிம்பஸ் ஓ.எம்., எல்லாம் உட்காரும். கேனானின் சொந்தப் பழைய எஃப்.டி. லென்ஸ் மட்டும் உட்காராது, அதன் தூரம் 42தான். கூடப்பிறந்தவன் வாசலில் நிற்கிறான், பக்கத்துத் தெருக்காரன் உள்ளே வந்து பாய் போட்டு உட்காருகிறான். 1987இல் கேனான் வாயை மாற்றினபோது நடந்த பாகப்பிரிவினை இது.

அடாப்டர் இரண்டு வாங்கினேன். முதலாவது ஆன்லைனில், 350 ரூபாய், அலுமினியம். மரை சரியாக வெட்டவில்லை. திருகத் திருக வெள்ளி நிறத்தில் பொடி உதிர்ந்தது. அந்தப் பொடி உள்ளே சென்சாரில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் கழற்றிவிட்டேன். லென்ஸும் கோணலாக நின்றது. எஃப் எண் எல்லாம் பக்கவாட்டில், தூரக் குறி கீழே. லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டும். இரண்டாவது பித்தளை, 900 ரூபாய், பக்கத்தில் மூன்று குட்டி ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் தளர்த்தித் திருப்பி, தூரக் குறியை உச்சியில் நிறுத்தி முடுக்கிவிட்டால் முடிந்தது. பித்தளையையே வாங்குங்கள். ஐநூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிற இடம் இது கிடையாது.

ஹீலியோஸின் உள்ளே இருந்த கிரீஸ் நாற்பது வருடத்தில் கெட்டித்து, ஃபோகஸ் வளையம் துருப்பிடித்த திருகாணி போல இறுக்கமாகச் சுற்றியது. பாரிமுனைப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மெக்கானிக் பிரித்துத் துடைத்து, புது கிரீஸ் போட்டுத் தந்தார். எழுநூறு ரூபாய், இரண்டு நாள். அந்தப் பணம் எனக்கு வலிக்கவே இல்லை. இப்போது ஒற்றை விரலால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போலப் போகிறது.

பழகிப் பார்த்தது காசிமேட்டில். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், என்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் ஓடமாட்டார்கள். கையால் ஃபோகஸ் செய்கிறவனுக்கு இதைவிட நல்ல இடம், நல்ல காலம் சென்னையில் இல்லை.

ஏ.வி. மோடில் வைத்தால் வெளிச்சக் கணக்கைக் கேமராவே பார்த்துக்கொள்கிறது. எஃப் எண்ணை லென்ஸில் நாம் திருப்புகிறோம், எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்று பார்த்து ஷட்டரை அது தீர்மானிக்கிறது. சில சமயம் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் ஏற்ற இறக்கம் இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை.

மூன்று காலை, எஃப் 2, மேலே இருக்கிற கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்து நூறு படம். நோட்டுக் கணக்கு: தெளிவு 31.

எனக்கு அவமானமாக இருந்தது. ஜெனிட்டில் 36க்கு 28, 30 தேறும். கண் போய்விட்டது என்று நினைத்து, கண்ணாடி பவர் பார்த்துவிட்டு வந்தேன். பவர் அப்படியே இருந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது, இரண்டு காரணம்.

ஒன்று, அந்தக் காலத்து வெற்றி பாதி பொய். ரோலைக் கழுவி போஸ்ட் கார்டு சைஸில் பிரின்ட் போட்டுப் பார்த்தோம். அந்த அளவுக்கு மூக்கில் ஃபோகஸ் நின்றாலும் கண் தெளிவாகத்தான் தெரியும். இப்போது 24 மெகாபிக்சலைக் கம்ப்யூட்டரில் முழு அளவில் விரித்து இமை மயிரைத் தேடுகிறோம். என் பழைய படங்களை இப்படி விரித்திருந்தால் அன்றைக்கே கேமராவை விற்றிருப்பேன்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். இந்தக் கேமராவின் பார்வைத் துளை கையால் ஃபோகஸ் செய்கிறவனுக்காகச் செய்தது இல்லை. பழைய எஸ்எல்ஆர் பலவற்றில் நடுவில் ஒரு வட்டம் இருக்கும். உருவம் இரண்டாக வெட்டித் தெரியும், இரண்டும் சேர்ந்தால் ஃபோகஸ். 1500டியில் அந்த வட்டம் இல்லை, உள்ளே இருக்கிற திரையை நாமாக மாற்றவும் வழியில்லை. கிட் லென்ஸின் எஃப் 5.6 வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வழவழப்பாகச் செய்த திரை அது. எஃப் 2 லென்ஸை மாட்டினாலும் ஏறத்தாழ எஃப் 2.8இல் தெரிகிற ஆழத்தைத்தான் காட்டும். அதாவது, உண்மையில் மங்கலாக இருக்கிற இடத்தையும் தெளிவு என்று காட்டும். துளையும் சின்னது, உள்ளே பட்டகத்துக்குப் பதில் ஆடிகள் வைத்தது.

எஃப் 2இல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கிற ஆழம் மொத்தமே இரண்டு செ.மீ. கட்டிப்போட்ட படகு அலையில் அரை அடி ஆடும். நானும் மூச்சு விடுவேன். 31 வந்ததே பெரிய விஷயம்.

அப்புறம்தான் கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்க்க ஆரம்பித்தேன். லைவ் வியூவை ஆன் செய்து பூதக்கண்ணாடிப் பட்டனை அழுத்தினால் ஐந்து மடங்கு, மறுபடி அழுத்தினால் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். சென்சார் பார்க்கிறதையே நாம் பார்க்கிறோம், நடுவில் அந்த வழவழப்புத் திரையும் இல்லை, ஆடியும் இல்லை, பொய்யும் இல்லை. படகு விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வலை பின்னுகிற பெரியவர் விரலில் பத்து மடங்கில் நிறுத்தி எடுத்தேன். நூற்றுக்கு 91. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ரெண்டு மசால் வடை சாப்பிட்டேன்.

குறையும் சொல்ல வேண்டும். வெயிலில் அந்தத் திரை தெரியாது. ஒன்பது மணிக்கு மேல் காசிமேட்டில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் பார்க்க வேண்டியிருந்தது. பழைய ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் நுழைகிற மாதிரி. வலை பின்னுகிறவர்கள் கேலி செய்தார்கள். திரை மடங்காது, அதனால் கீழிருந்து எடுக்க மண்டிபோட வேண்டும். என் முட்டி அதற்குச் சம்மதிப்பதில்லை.

தெருவில் நடந்துகொண்டே எடுக்க இன்னொரு வழி இருக்கிறது, லென்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போதைய கிட் லென்ஸில் இது கிடையாது. பழைய லென்ஸில் தூர எண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எஃப் எண்கள் ஏறுவரிசையில் இருக்கும். எஃப் 8இல் வைத்தால், இடது எட்டுக்கும் வலது எட்டுக்கும் நடுவே வருகிற தூரமெல்லாம் தெளிவு என்று அர்த்தம். அது 35 மி.மீ. ஃபிலிமுக்குப் போட்ட கணக்கு. இந்தக் கேமராவின் சென்சார் சின்னது, அதே படத்தை அதிகம் பெரிதாக்குகிறோம். அதனால் எஃப் 8இல் எடுத்தாலும் 5.6 கோடுகளுக்கு நடுவில் இருப்பதை மட்டும் நம்புங்கள். ஐந்து மீட்டரில் நிறுத்தி எஃப் 8 வைத்தால், நாலு மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை கிடைக்கும். எம்.சி. ரோட்டில் துணிக்கடை வாசலில் நின்று, அந்தத் தூரத்துக்குள் ஆள் வந்தால் அழுத்துவது. ஃபோகஸ் வளையத்தைத் தொடவே இல்லை. நூற்றுக்கு 83. வேகமும் அதிகம், கிட் லென்ஸ் ஃபோகஸ் தேடி முன்னே பின்னே போய்வருகிற நேரம்கூட இதற்கு வேண்டாம்.

சிப் வைத்த அடாப்டரும் உண்டு. அதை மாட்டினால் கேமரா லென்ஸ் இருப்பதை ஒத்துக்கொள்ளும், வளையத்தைத் திருகும்போது ஃபோகஸ் வந்ததும் சிவப்புப் புள்ளி எரிந்து 'பீப்' என்னும். நண்பரிடம் கடன் வாங்கிப் பார்த்தேன். எஃப் 2இல் 52 தேறியது. எனக்குக் கிடைத்த சிப் கொஞ்சம் அவசரக்காரன், ஃபோகஸ் வருவதற்கு ஒரு நூலிழை முன்னாலேயே கத்திவிடும். பீப் கேட்டபிறகு இன்னும் ஒரு பொட்டுத் திருப்பினால் சரியாக வருகிறது. வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம்.

இனி படம் எப்படி இருக்கிறது. பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாருக்குப் பின்னால் சாயங்காலம் போடுகிற அத்தோ கடைகளுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். ஒரு குண்டு பல்பு, ஆரஞ்சு நிற நூடுல்ஸ் மலை, பொரித்த பூண்டு, முட்டைக்கோஸ், கையாலேயே பிசைகிற ஆள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஆவி. கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6தான் திறக்கும். ஹீலியோஸ் எஃப் 2. வெளிச்சம் எட்டு மடங்கு. அங்கே சென்சாரின் உணர்திறன், அதாவது ஐ.எஸ்.ஓ., 6400 கேட்ட இடத்தில் இங்கே 800 போதும். அங்கே சொரசொரவென்று வந்த படம், இங்கே அந்த ஆளின் விரல் இடுக்கில் எண்ணெய் பளபளப்பது வரைக்கும் வந்தது. பின்னால் போன மோட்டார் சைக்கிள் விளக்கெல்லாம் உருண்டை உருண்டையாக. கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, அத்தோவைவிட என் கை அழகா இருக்கு" என்றார். இரண்டாவது தட்டுக்குக் காசு வாங்கவில்லை.

எஃப் 2இல் நடு மட்டும்தான் கூர்மை, அதிலும் ஒரு மெல்லிய மஞ்சு படர்ந்த மாதிரி இருக்கும். வயதானவர் முகத்துக்கு நல்லது, சுவரில் எழுதின எழுத்துக்கு ஆகாது. எஃப் 4க்கு வந்தால் மஞ்சு விலகிவிடும். எஃப் 5.6, 8இல் கிட் லென்ஸைவிட எந்த வகையிலும் குறைவில்லை. படகில் எழுதின பெயரில் தூரிகை மயிர் ஓடின தடம் தெரிகிறது.

இந்த லென்ஸுக்கு இளைஞர்களிடம் பேர் வாங்கித் தந்தது பின்புலத்தில் இலைகள் சுழல் போலச் சுற்றுகிற அழகு. அதற்காக மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சுழல் படத்தின் ஓரத்தில்தான் பிறக்கிறது. 1500டி மாதிரி சின்ன சென்சார் கேமரா ஓரத்தை வெட்டிவிடும். 58 மி.மீ. இங்கே 93 மி.மீ. மாதிரிப் பார்க்கும். எனக்கு ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்து மரத்தடியில் லேசாக ஒரு சுற்று வந்தது, தலை சுற்றும் அளவுக்கு வரவில்லை. ஃபுல் ஃபிரேம், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் வைத்திருப்பவர்களுக்கு வரும்.

எதிர்வெயில்தான் இதன் எமன். நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் படகு பக்கம் திரும்பினாலே சூரியன் நேருக்கு நேர். கண்ணாடி மேல் பிரதிபலிப்பைக் குறைக்கிற அந்தக் காலத்துப் பூச்சு ஒற்றைப் பூச்சு. வெயில் உள்ளே விழுந்தால் படம் முழுக்க வெளுத்து, கறுப்பு சாம்பலாகிவிடும். ஒரு 49 மி.மீ. ரப்பர் ஹூட், அதாவது லென்ஸ் முன்னால் வைக்கிற வெயில் மறைப்பு, இருநூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு இடது கையால் மறைத்துக்கொள்கிறேன். ஒருநாள் அப்படி வெளுத்த படத்தில் ஐஸ் பெட்டி தூக்கிப்போகிற பெண்கள் நிழலுருவாக வந்தார்கள். மகள் அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டாள். நான் நோட்டில் அதை மங்கல் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

கையில் பிடித்துப் பார்க்கும்போது கிடைக்கிற ஒரு சுகமும் உண்டு. இதில் எஃப் எண்ணுக்கு இரண்டு வளையம். முன்வளையத்தில் எஃப் 5.6 என்று தடுப்பு வைத்துவிட்டால், அடுத்த வளையம் சத்தமில்லாமல் எஃப் 2க்கும் 5.6க்கும் நடுவே வழுக்கும். திறந்து வைத்து ஃபோகஸ் செய், கண்ணை எடுக்காமல் தடுப்பு வரை திருப்பு, அழுத்து. ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும். எந்த எஃப் எண்ணில் எடுத்தோம் என்று படத்தின் விவரத்தில் பதியாது, அதற்குத்தான் நோட்டு இருக்கிறதே.

எங்கே தோற்றது? பேரன் மொட்டை மாடியில் ஓடினான், அறுபதுக்கு ஏழு. வியாசர்பாடியில் ஒரு பாக்ஸிங் பயிற்சிக்குப் போனேன், நாற்பதுக்கு நாலு. அந்த நாலிலும் இரண்டில் பையன் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் எங்கள் தெரு கேரம் கிளப்பில் கதை வேறு. ஆடுகிறவன் குறி பார்க்கும்போது சிலை மாதிரி இருப்பான், ஸ்டிரைக்கர் எந்தக் கோட்டில் நிற்கும் என்று முன்கூட்டியே தெரியும். அந்தக் கோட்டில் பத்து மடங்கில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். 50க்கு 44. பவுடர் தூசு பல்பு வெளிச்சத்தில் மிதப்பதும் விழுந்திருக்கிறது.

ஆசை விடாமல் 135 மி.மீ. எஃப் 3.5, ஜூபிட்டர்-37ஏ ஒன்றும் வாங்கினேன். பழைய சாமான் விற்கிற ஒரு கடை, பெயர் வேண்டாம். 3,800 ரூபாய். கடையின் டியூப் லைட்டில் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. திரும்பப் போனேன். "யூஸ்டு லென்ஸ்னா அப்படித்தான் சார் இருக்கும், படத்துல தெரியாது" என்றார். சின்னதாக ஓரத்தில் இருந்தால் தெரியாதுதான், அது உண்மை. நடுவில் படர்ந்து பூச்சை அரித்திருந்தால் எதிர்வெயிலில் தெரியும். எனக்கு நடுவில்தான். ஆயிரம் ரூபாய் திருப்பித் தந்தார், அதுவும் நான் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு.

அதனால் வாங்கப் போகிறவர்கள் டார்ச் எடுத்துப் போங்கள். எஃப் வளையத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற தகடுகளில் எண்ணெய் மினுமினுத்தால் விலையில் குறையுங்கள். ஃபோகஸ் வளையம் முழுச் சுற்றும் ஒரே கனத்தில் போகிறதா பாருங்கள். பென்டாக்ஸின் பழைய டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 கிடைத்து, கண்ணாடி டீத்தண்ணி நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். அதில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, வருடக்கணக்கில் மஞ்சளாகும். சில வாரம் வெயிலில் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும்.

பூஞ்சை விஷயத்தில் நம் ஏரியா ஒரு தனிக் கேஸ். கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து இரும்புப் பீரோவையே தின்கிறது, லென்ஸை விடுமா? தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்டுவதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இருட்டு வேறு. ஹீலியோஸ் பிழைத்ததற்குக் காரணம், அதன் உறை 1992லேயே கிழிந்து, லென்ஸ் வெறும் அலமாரியில் கிடந்ததுதான் என்பது என் ஊகம். இப்போது அது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லோடு. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடுகிறேன். மனைவிக்கு அந்த வாணலியைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை, அதனால் எனக்கென்று ஒரு வாணலி வந்துவிட்டது.

கூட்டிப் பார்த்தால் அடாப்டர் இரண்டு, கிரீஸ், ஹூட், 2,150 ரூபாய். லென்ஸ் கையில் ஏற்கெனவே இருந்தது. வீட்டில் பழைய கேமரா கிடக்கிறவர்கள் தாராளமாகச் செய்து பாருங்கள். இல்லாதவர்கள், கடையில் தேடி வாங்கத்தான் வேண்டும் என்றால், அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்கிவிடுங்கள். தானே ஃபோகஸ் செய்யும், 160 கிராம்தான், எதிர்வெயிலையும் தாங்கும். பேரன் ஓடுகிற படம் எனக்கு அதில்தான் வருகிறது. அந்தப் படங்களுக்கு நான் கோடு போடுவதில்லை, எண்ணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

135ஐ அதே மாடிப்படி மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறேன். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், அரித்த பூச்சு திரும்ப வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வரச் சொன்னார். தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.